கேள்வி கேட்கிற இங்கிலிஸை ஆர் படிப்பிக்கிறது?

தொண்டைமானாறு எண்டு சொன்னால் வெளியூர்க்காரருக்குச் சன்னிதி முருகன் ஞாபகம் வரும். வடக்கில் உயர்தரம் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு வினாத்தாள் ஞாபகம் வரும். வெளிக்கள நிலையத்தின் பௌதிகவியல் தாளையும் இரசாயனவியல் தாளையும் இரவிரவாகச் செய்துபார்த்த தலைமுறைகள் இருக்கு. ஊரின் பேர் கேள்வித்தாளின் தலைப்பிலேயே வாறது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் இந்தக் கேள்வித்தாள் ஊரிலயும் சுற்றியிருக்கிற ஊர்களிலயும், வளர்ந்த பிறகு இங்கிலிஸ் படிக்கப் போற ஆக்களுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியாது. மறுமொழி சொல்லத் தெரியும். தன்னைப் பற்றி ஐந்து வசனம் தெரியும். "இந்த விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது எண்டு சொல்லுவியளா?" எண்டு ஒரு அதிகாரியிட்டை இங்கிலிஸில் கேட்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இதற்குக் காரணம் அந்த ஆக்களின் மூளையோ வயதோ வெட்கமோ இல்லை எண்டு நாங்கள் சொல்லுறம். அவையளுக்குக் கேள்வி கேட்க ஆரும் படிப்பிக்கேல்லை. படிப்பிக்கிறம் எண்டு காசு வாங்கிற இடங்களில் விடை சொல்லத்தான் பழக்கினம்.

நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் மதிலுக்கு மதில் ஒட்டியிருக்கிற ஸ்போக்கின் இங்கிலிஸ் விளம்பரங்களைப் பாருங்கோ. மூன்று மாதத்தில் சரளம். ஆர் போகினம்? கலியாணம் முற்றாகி லண்டனுக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளை. பிரித்தானியா 2010 நவம்பரில் இருந்து வாழ்க்கைத்துணை விசாவுக்கு அடிப்படை இங்கிலிஸ் பரீட்சை கேட்குது. ஐஈஎல்ரிஎஸ் எடுக்கிற தாதி. வெளிநாட்டு நிதியில் நடக்கிற திட்டத்தில் வேலை தேடுற பட்டதாரி. கொழும்பில் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய மகன். இந்த நாலு பேரும் வகுப்பில் பழகிறது ஒரே விஷயம்: ஆரும் கேட்டால் எப்படி மறுமொழி சொல்லுறது. ஐஈஎல்ரிஎஸ் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். மூன்று பகுதி. மூன்றிலும் கேட்கிறவர் பரீட்சகர், சொல்லுறவர் நீங்கள். "திரும்பச் சொல்லுங்கோ" எண்டு கேட்கிறதைத் தவிர, ஒரு கேள்வியும் கேளாமல் நீங்கள் நல்ல புள்ளி எடுக்கலாம். பரீட்சையில் இல்லாததை வகுப்பு ஏன் படிப்பிக்கப் போகுது?

பத்தாம் ஆண்டில் நன்னூல் படித்த ஆக்களுக்கு வினா ஆறு வகை எண்டு ஞாபகம் இருக்கும். தனக்குத் தெரிஞ்சதை மற்றவனுக்குத் தெரியுமோ எண்டு பார்க்கக் கேட்கிறது அறிவினா. தெரியாததைத் தெரிஞ்சுகொள்ளக் கேட்கிறது அறியா வினா. சந்தேகத்தில் கேட்கிறது ஐய வினா. ஒன்றை வாங்கக் கேட்கிறது கொளல் வினா, குடுக்கக் கேட்கிறது கொடை வினா, ஒரு வேலையைச் செய்விக்கக் கேட்கிறது ஏவல் வினா. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரு இங்கிலிஸ் வகுப்புக்குள் போய் இருங்கோ. ரீச்சர் கேட்கிற கேள்வி எல்லாம் அறிவினா. "வட் இஸ் யுவர் நேம்?" எண்டு கேட்கிறவவுக்குப் பேர் தெரியும், இடாப்பில் இருக்கு. மாணவர் கேட்கிற அறியா வினா ஒன்று தமிழில் வரும்: "ரீச்சர், நாளைக்கு வகுப்பு இருக்கா?" மிச்ச நாலு வகையும் வகுப்புக்குள் வாறதே இல்லை. ஆனால் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் விமான நிலையத்திலும் ஒரு வளர்ந்த ஆளுக்குத் தேவைப்படுறது அறியா வினாவும் ஐய வினாவும் கொளல் வினாவும்தான்.

இனி இலக்கணத்துக்கு வருவம். இங்கதான் ஏமாற்று இன்னும் பெரிசு.

தமிழில் கேள்வி கேட்க வசனத்தைக் குழப்பத் தேவையில்லை. "டொக்டர் உண்மையைச் சொன்னார்." "டொக்டர் என்ன சொன்னார்?" 'உண்மையை' இருந்த இடத்தில் 'என்ன' போய்க் குந்திவிட்டது, அவ்வளவுதான். இங்கிலிஸில் அதே கேள்விக்கு மூன்று வேலை செய்ய வேணும். வினாச்சொல்லை இழுத்து முன்னுக்குக் கொண்டுவர வேணும். 'டிட்' எண்ட ஒரு துணைவினையைக் கொண்டுவந்து எழுவாய்க்கு முன்னால் வைக்க வேணும். 'செட்' எண்டிருந்ததை 'சே' ஆக்க வேணும். "வட் டிட் த டொக்டர் சே?" இதைப் பழக ஒரு வளர்ந்த ஆளுக்கு மாதக்கணக்கில் எடுக்கும். பழகிவிடுகினம்.

பிறகு சிக்கலான கேள்வி வருது. "டொக்டர் என்ன சொன்னாரெண்டு தெரியுமா?" தமிழில் இதுக்கும் ஒரு குழப்பமும் இல்லை. பழைய கேள்வியை அப்பிடியே வைத்து, பின்னால் 'எண்டு' போட்டு, 'தெரியுமா' சேர்த்தால் முடிஞ்சுது. இங்கிலிஸ்காரன் என்ன செய்யிறான்? கஷ்டப்பட்டுப் பழகின மூன்றில் இரண்டைத் திருப்பி அவிழ்க்கச் சொல்லுறான். 'டிட்' போக வேணும். 'சே' திரும்பவும் 'செட்' ஆக வேணும். வினாச்சொல் மட்டும் உள்வசனத்தின் முன்னால் நிக்க வேணும். "டூ யூ நோ வட் த டொக்டர் செட்?" எங்கட ஆக்கள் சொல்லுறது "டூ யூ நோ வட் டிட் த டொக்டர் சே?" உடன வகுப்பில் சிரிப்பு. ரீச்சரின் சிவப்புப் பேனை.

அந்தச் சிரிப்புக்கு ஆதாரமே இல்லை. ஜேர்மன் மொழியியலாளர் மன்பிரெட் பீனமன் 1980களில் இருந்து செய்து, 1998இல் நூலாகவும் போட்ட வேலை இதைப் பற்றித்தான். தாய்மொழி எதுவாக இருந்தாலும் இங்கிலிஸ் கேள்வியைப் படிக்கிற ஆக்கள் ஒரு படிவரிசையில்தான் ஏறுகினம் எண்டு அவர் சொல்லுறார். முதலில் ஒற்றைச் சொல்லைத் தூக்கிக் கேட்கிறது, பிறகு வசன வரிசை மாறாமல் குரலை உயர்த்திக் கேட்கிறது, பிறகு வினாச்சொல்லை முன்னுக்கு வைக்கிறது, பிறகு துணைவினையை மாற்றி வைக்கிறது, கடைசிப் படியில் உள்வசனத்தில் அந்த மாற்றத்தை அவிழ்க்கிறது. "வட் டிட் த டொக்டர் சே" எண்டு உள்வசனத்துக்குள்ளயும் சொல்லுற ஆள் கடைசிக்கு முதல் படியில் நிக்கிறார். அவர் நாலு படி ஏறி வந்ததைத்தான் அந்தப் பிழை காட்டுது. நீங்கள் சிரிக்கிறது முன்னேறின ஆளைப் பார்த்து.

இன்னொன்று. அயர்லாந்தில் உள்வசனக் கேள்வியில் அந்த மாற்றத்தை அவிழ்க்காமலே கதைக்கினம். "ஐ ஆஸ்க்ட் ஹிம் வொஸ் ஹி கமிங்" எண்டது அங்க வழக்கமான பேச்சு. அதுக்கு மொழியியல் புத்தகத்தில் அயர்லாந்து ஆங்கிலம் எண்டு ஒரு மரியாதையான பேர் இருக்கு. அதே அமைப்பு தொண்டைமானாற்றுப் பெடியனின் வாயில் வந்தால் அதுக்குப் பேர் ஓட்டை இங்கிலிஸ்.

மூன்றாவது வகை இன்னும் வில்லங்கம். "டொக்டர் என்ன சொன்னாரெண்டு நினைக்கிறியள்?" தமிழில் முதல் கேள்விக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கோ. 'தெரியுமா' எண்டதில் ஒரு 'ஆ' இருக்கு. 'நினைக்கிறியள்' எண்டதில் இல்லை. 'ஆ' இருந்தால் ஓம் அல்லது இல்லை எண்டு மறுமொழி சொல்லலாம். 'ஆ' இல்லாட்டி 'என்ன' எண்டதுக்குத்தான் மறுமொழி சொல்ல வேணும். ஒரு உயிரெழுத்தால் தமிழ் செய்யிற வேலையை இங்கிலிஸ் வசன வரிசையால் செய்யுது. 'ஆ' இருக்கிற கேள்வி "டூ யூ நோ" எண்டு தொடங்கும். 'ஆ' இல்லாத கேள்வியில் வினாச்சொல் உள்வசனத்தை விட்டு வெளிக்கிட்டு, முழு வசனத்துக்கும் முன்னால் போய் நிக்கும்: "வட் டூ யூ திங்க் த டொக்டர் செட்?" இந்த ஒரு விளக்கத்தைக் கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் காணும். எத்தனை வகுப்பில் எழுதினவை?

எழுத மாட்டினம். ஏனெண்டால் வகுப்புக்குள் தமிழ் கதைக்கக் கூடாது. தமிழ் கதைத்தால் குற்றப்பணம் வாங்கிற வகுப்புகள் இருக்கு. முப்பது வயது ஆள், தமிழின் வினா இலக்கணம் முழுக்கத் தலைக்குள் வைத்திருக்கிறவர், வாசலில் செருப்போட சேர்த்து அதையும் கழட்டி வைத்துவிட்டு உள்ள போக வேணும். குழந்தை மாதிரி கேட்டுக் கேட்டுப் பழகட்டாம். குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் இங்கிலிஸ் கேட்கும். இவருக்குக் கிழமைக்கு மூன்று மணித்தியாலம். குழந்தையிட்டை இல்லாத ஒரு பலம் இவரிட்டை இருக்கு: இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிஞ்ச மூளை. அதைத்தான் வகுப்பு பறிக்குது.

குழந்தைகளைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் முழுக்கக் கதைப்பம். அமெரிக்காவில் ரோசலின்ட் தோர்ன்ரன் எண்ட ஆய்வாளர் 1990இல் கொனெக்ரிகட் பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வில், இங்கிலிஸைத் தாய்மொழியாகக் கொண்ட சின்னப் பிள்ளைகளே இந்த நீளக் கேள்வியில் தடுமாறுறதைக் காட்டினார். சில பிள்ளைகள் வினாச்சொல்லை முன்னால் ஒருதரம், உள்வசனத்தில் இன்னொருதரம் எண்டு இரண்டு தரம் சொல்லுகினம். அப்படி ஒரு வசனத்தை அந்த வீடுகளில் பெரியாக்கள் சொல்லுறதில்லை. பிள்ளை தானாகக் கட்டினது. எங்கட ஆக்கள் "வட் டூ யூ திங்க் ஹூ கேம்?" எண்டு கேட்கிறதும் இதுக்குச் சொந்தக்காரன்தான். ஜேர்மன் மொழியில் இந்த அமைப்பு முழுச் சரியான இலக்கணம். முன்னால் ஒரு பொதுவான 'என்ன', உள்ளே உண்மையான வினாச்சொல். ஹிந்தியிலும் 'க்யா' போட்டு இப்படிக் கேட்கினம். எங்கட சித்தப்பா மாமாமாரின் பிள்ளைகள் ஜேர்மனியில் தினமும் கதைக்கிற அமைப்பு அது. மனித மூளை போகக்கூடிய ஒரு வழியால்தான் எங்கட ஆளும் போறார்.

நாங்கள் தனிச் சாதியும் இல்லை. மொங்கோலிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான். வினாச்சொல் இருந்த இடத்திலேயே இருக்கும், கேள்விக்கான சின்னச் சொல் வசன முடிவில் ஒட்டும். ஜப்பான், கொரிய மொழிகளும் இதே கூட்டம். உலான் பாட்டரில் வேலை முடிஞ்சு பின்னேரம் இங்கிலிஸ் படிக்கப் போற ஒரு ஆளும் நெல்லியடிக்குப் போற ஆளும் ஒரே இடத்தில்தான் இடறுவினம். ஜப்பானிய மாணவரிட்டை இந்த நீளக் கேள்வியைப் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கு. அங்க இதை ஒரு கேள்வியாக எடுத்து ஆராயினம். இங்க மாணவரின் மொக்குத்தனமாக எடுத்துக் கணக்கை முடிக்கினம்.

இதுக்குள்ள ஒரு பொறியும் இருக்கு. தமிழில் 'எண்டு' இல்லாமல் உள்வசனத்தைக் கட்டேலாது. அதால எங்கட ஆக்கள் இங்கிலிஸில் 'தட்' எண்டதைத் தவறாமல் போடுவினம். "ஐ திங்க் தட் அவர் வந்தார்" எண்ட மாதிரி வசனத்தில் அது சரி. ஆனால் "ஆர் வந்ததெண்டு நினைக்கிறியள்?" எண்டு எழுவாயைக் கேட்கும்போது 'தட்' போட்டால் இங்கிலிஸ் ஏற்காது. "ஹூ டூ யூ திங்க் கேம்?" தான். ஏன் எண்டு மொழியியலாளர் அரை நூற்றாண்டாகப் பிடுங்குப்படுகினம். அப்படிப்பட்ட இடத்தில் பிழைவிட்ட ஒரு அக்காவைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா?" எண்டு கேட்கிற ரீச்சருக்கு அந்தக் காரணம் தெரியுமோ?

இப்ப ஆக்கள் கேட்பினம்: ஏன் இவ்வளவு கரைச்சல், "வெயர் பாங்க்?" எண்டு கேட்டாலும் விளங்கும்தானே? கடையில் விளங்கும். றோட்டில் விளங்கும். அதிகாரம் இருக்கிற மேசைக்கு முன்னால் நிலைமை வேற. "வை யூ ரிஜெக்ட்?" எண்டு கேட்டால் அந்த அதிகாரிக்கு அது சண்டை. "ஏன் நிராகரிக்கப்பட்டதெண்டு சொல்ல முடியுமா?" எண்டால் அது விசாரணை. இங்கிலிஸில் மரியாதை இந்தச் சிக்கலான கேள்விக்குள்தான் ஒளிஞ்சிருக்கு. எங்களுக்கு 'ங்கள்' இருக்கு, 'ங்கோ' இருக்கு, அண்ணை, ஐயா, அம்மா இருக்கு. இங்கிலிஸில் 'யூ' ஒன்றுதான். பணிவைக் காட்ட அவன் வசனத்தை நீட்டுறான். அந்த நீட்டல் தெரியாத எங்கட ஆள் ஒண்டில் முரடன் மாதிரிக் கேட்பார், இல்லாட்டிக் கேளாமலே திரும்பி வருவார். பெரும்பாலும் கேளாமல்தான் வருவினம். மருந்தை ஏன் மாற்றினதெண்டு கேளாமல். சம்பளத்தில் என்ன கழிஞ்சதெண்டு கேளாமல். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கெண்டு கேளாமல்.

இதுக்கு ஒரு பழைய வேரும் இருக்கு. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினதில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு இங்கிலிஸோட உறவு இருக்கு. அந்தப் படிப்பில் இருந்து அறிஞர்கள் வந்தவை, மறுக்கேல்லை. ஆனால் பிறகு வந்த தலைமுறைகள் இங்கிலிஸைக் கொண்டுபோன இடம் கந்தோர். மலாயா றெயில்வேயில் இருந்து கொழும்புத் திறைசேரி வரைக்கும் கிளாக்கர் வேலை. கிளாக்கரின் இங்கிலிஸ் என்ன? வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதுறது. மேலதிகாரி கேட்டால் "யெஸ் சேர்". கிளாக்கர் உத்தியோகம் போய் எத்தனையோ காலம். அந்த இங்கிலிஸ் மட்டும் எங்கட வகுப்பறைகளில் இன்னும் பென்சன் எடுக்கேல்லை. தெற்கில் சிங்களப் பல்கலைக்கழக மாணவர் இங்கிலிஸுக்கு 'கடுவ' எண்டு பேர் வைத்தினம், வாள் எண்டு அர்த்தம். அவையளை வெட்டுற வாள் அது. எங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. நாங்கள் அதைப் படிப்பு எண்டு கும்பிட்டுக்கொண்டு வெட்டு வாங்கிறம்.

இன்னொரு பக்கத்தால் எங்கட தோழர் சிலரும் சொல்லுவினம்: இந்தச் சரி பிழையே காலனித்துவம், எங்கட இங்கிலிஸை எங்கட பாட்டில் கதைப்பம். 2009ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு எண்டு அறிவித்தபோது, எங்கட வழியில் இங்கிலிஸ் கதைப்பம் எண்டது ஒரு கோஷமாகவே வந்தது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்தக் கோஷத்தைச் சொல்லுறவைக்கு இரண்டு இங்கிலிஸும் தெரியும். வேண்டின இடத்தில் வேண்டினதைக் கதைப்பினம். விசா மேசைக்கு முன்னால் நிக்கிற பிள்ளைக்கு அந்தத் தெரிவு இல்லை. சிரிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் எண்டுதான் நாங்கள் சொல்லுறம். அவவின்ர வசனம் எங்க நிக்குது, அடுத்த படி எது எண்டு சொல்லிக் குடுங்கோ. ஏறுறதா இல்லையா எண்டதை அவ முடிவெடுக்கட்டும்.

ஆகவே எங்கட கோரிக்கைகள்.

ஒன்று, இங்கிலிஸ் வகுப்புக்குள் தமிழை விடுங்கோ. தமிழ்க் கேள்வியையும் இங்கிலிஸ் கேள்வியையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கோ. 'ஆ' எங்க, 'எண்டு' எங்க எண்டு காட்டுங்கோ. குற்றப்பணம் வாங்கிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

இரண்டு, வகுப்பில் பாதி நேரம் மாணவர் கேட்கட்டும், ரீச்சர் மறுமொழி சொல்லட்டும். அதுவும் மாணவருக்கு உண்மையில் தெரியாத விஷயமாக இருக்கட்டும். அந்த விண்ணப்பப் படிவத்தையே கொண்டுவரச் சொல்லுங்கோ. அந்த மருந்துச் சிட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கோ.

மூன்று, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்று எண்டு பத்து வசனம் குடுத்துவிட்டு, சிக்கலான கேள்வி படிப்பிச்சாச்சு எண்டு சொல்லாதேங்கோ. மாற்றத் தெரிஞ்ச ஆள் கேட்கத் தெரிஞ்ச ஆள் இல்லை. கொப்பியில் பத்துக்குப் பத்து எடுத்த ஆள் கவுன்ரருக்கு முன்னால் வாய் மூடி நிக்கிறதை எல்லாரும் கண்டிருக்கிறம்.

நாலு, மூன்று மாதத்தில் சரளம் எண்ட பொய்யைக் கழட்டுங்கோ. கடைசிப் படிக்கு ஏற வருஷங்கள் எடுக்கும். அதைச் சொல்லிச் சேருங்கோ. நேரம் எடுக்கும் எண்டு தெரிஞ்ச ஆள் பாதியில் விட்டுவிட்டுத் தன்னை மொக்கன் எண்டு நினைக்க மாட்டார்.

ஐந்து, இதுக்கெல்லாம் காசு கட்டி நெல்லியடிக்குப் போகத் தேவையில்லை. ஊருக்கு ஒரு சனசமூக நிலையம் இருக்கு, பேப்பர் வாசிச்சு முடிய ஆறு மணிக்குப் பிறகு அது சும்மா கிடக்குது. கிழமைக்கு ஒரு பின்னேரம், ஒரு மணித்தியாலம். வளர்ந்த ஆக்கள் மட்டும். இங்கிலிஸ் தெரிஞ்ச ஒரு ஆள், விடுமுறைக்கு வந்து நிக்கிற வெளிநாட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம், நடுவில் இருக்கட்டும். அவரிட்டை எல்லாரும் கேள்வி கேட்க வேணும். அவர் கேள்வி கேட்கக் கூடாது. அங்க குளிரில் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கிறவை எண்டு தெரியுமா, அந்த வேலைக்கு என்ன சம்பளம் குடுப்பினமெண்டு நினைக்கிறியள், எங்கட பிள்ளையை ஏன் அந்தப் பள்ளிக்கூடம் எடுக்கேல்லை எண்டு சொல்லுவியளா. வரிசை பிழைச்சாலும் கேள்வி கேள்விதான். மறுமொழி வரும். மறுமொழி வந்தால் அடுத்த கேள்வி வரும்.

எங்கட ஊர்ப் பேர் கேள்வித்தாளில் நல்லாத்தான் இருக்கு. அது எங்கட சனத்தின் வாயிலும் இருக்கட்டும்.